கூப்பிட்டும் எழும்பாத இளவரசன்

செத்தவனாக நடிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “பாட்டில்லை, ஆட்டமில்லை, படுத்துக் கிடந்தால் சரிதானே” என்பார்கள். ஒருதரம் வந்து படுத்துப் பாருங்கள் ஐயா! மூக்கு நுனியில் நுளம்பு குந்தும், அடிக்க முடியாது. முதுகுக்குக் கீழே பலகை ஆணி குத்தும், அசைய முடியாது. பக்கத்தில் அழுகிற ராசா வெற்றிலைச் சாற்றை முகத்தில் தெறிக்கவிடுவார், துடைக்க முடியாது. இத்தனையும் பொறுத்துக் கிடந்து, எழும்பவேண்டிய நேரத்தில் எழும்பவும் வேண்டும். நான் கோட்டை விட்டது அந்தக் கடைசி விசயத்தில்தான்.

முல்லைத்தீவுக் கரையில், எங்கள் மாதா கோயில் பெருநாள் கூத்தில், ஊர் முழுவதும் பார்த்திருக்க நான் எழும்பாமல் கிடந்த கதையை என் பேரப்பிள்ளைகள் என்னைவிட வடிவாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி புளுகு. அதனால்தான் நானே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நைலோன் வலை எங்கள் கரைக்கு வந்த புதிது. எஸ்.எஸ்.சி. சோதனையில் கணித வினாத்தாளின் மேலேயே நித்திரையாகிப் போனவன் என்பதால், மேற்கொண்டு படிப்பு என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மனுவேல் சம்மாட்டியாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. அவரிடம் ஒரு கரைவலை இருந்தது, வள்ளங்கள் இருந்தன, கடலுக்கு அந்தப்பக்கம் கேட்கிற ஒரு குரல் இருந்தது, பிலோமினா என்று ஒரு மகளும் இருந்தாள். இவற்றில் எனக்கு எதன்மேல் கண் என்று சொல்லத் தேவையில்லை.

என் நித்திரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பூசையில் முழந்தாளில் நின்றபடி நித்திரை கொள்வேன். வலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தபடி கொள்வேன். (பின்னால் நிற்பவன் இழுக்க நானும் சேர்ந்து போவேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.) ஒருமுறை நந்திக்கடல் நீரேரியில் வலைக்குக் காவல் இருக்கச் சொல்லி என்னைத் தோணியில் விட்டுவிட்டுப் போனார் சம்மாட்டியார். காலையில் வந்து பார்த்தால் வலை இருக்கிறது, தோணியைக் காணவில்லை. காற்று தள்ளிக்கொண்டுபோய் என்னை வற்றாப்பளைப் பக்கத்துக் கரையில் விட்டிருந்தது. நான் கண்முழித்தபோது இரண்டு எருமைகள் தண்ணீருக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இலட்சணத்தில்தான் அம்மா எனக்காகச் சம்மாட்டியாரிடம் பெண் கேட்டுப் போனார். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“பொடியன் நல்லவனாம். குடி வெறி இல்லையாம். ஆனால் நித்திரைக்காரனாம். ‘கடலில நித்திரை கொள்ளுறவனுக்குப் பெட்டையைக் குடுத்துப்போட்டு, பேந்து நான் அவளைக் கறுப்புச் சீலையோட பாக்கவோ’ எண்டு கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?”

“அப்ப மாட்டனெண்டு சொல்லிப்போட்டாரோ?”

“இல்லை. பெருநாள் கூத்து முடியட்டுமாம். நீ விடியும்வரைக்கும் கண்முழிச்சுக் கிடந்து, அவர் கூப்பிட்ட உடன எழும்பினால், பேந்து கதைப்பமாம்.”

விசயம் இதுதான். எங்கள் அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்; மத்தளமும் அவரேதான்) அந்த வருசம் தாமே ஒரு கூத்துக் கட்டியிருந்தார். அதில் ஓர் இளவரசன் பாம்பு கடித்துச் சாகிறான். விடியற்காலையில் ஒரு தவசி வந்து செபம் பண்ணிப் பாட, அவன் உயிர்த்து எழும்புகிறான். தவசி வேடம் மனுவேல் சம்மாட்டியாருக்கு. குரல் அப்படி. இளவரசன் வேடம் எனக்கு. என் குரலும் அப்படித்தான், ஆனால் மற்றப் பக்கம். நான் பாடினால் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடச் சொல்லி ஆட்கள் வருவார்கள். அதனால் அண்ணாவியார் சாவதற்கு முன் ஒரு வரியும் எழும்பிய பிறகு ஒரு வரியும் மட்டும் எனக்குத் தந்து, மிச்ச நேரம் பிரேதமாகவே வைத்துவிட்டார்.

எங்கள் கூத்தில் திரை கிடையாது. செத்தவன் செத்த இடத்தில் கிடக்கவேண்டும். நடுச்சாமத்தில் செத்தால் கிழக்கு வெளுக்கும்வரை அங்கேயேதான். ராசா என் தலைமாட்டில் அழுவார், மந்திரி என் கால்மாட்டில் சதி செய்வார், இரண்டு படைகள் என்னைத் தாண்டித் தாண்டிச் சண்டை பிடிக்கும். மேடையில் பிரேதம் குறட்டை விட்டால் தவசிக்கு என்ன மரியாதை? சம்மாட்டியார் போட்ட நிபந்தனையில் நியாயம் இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்முழித்துக் கிடந்தால் பிலோமினா, கண்ணயர்ந்தால் எருமை என்பதுதான்.

பெருநாளன்று பின்னேரம் கோயில் கிணற்றடியில் பிலோமினா என்னைக் கண்டு நின்றாள். அதுவரை என்னோடு நேரே நின்று கதைத்ததில்லை.

“இஞ்ச, அப்புவைத் தெரியும்தானே. சொன்னால் சொன்னதுதான். நித்திரை கொண்டுபோடாதேங்கோ” என்றாள்.

“நானோ? நித்திரையோ?” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“கதையை விடுங்கோ. இதை நாக்குக்குக் கீழ வைச்சிருங்கோ. கண் சொருகிற நேரம் ஒருக்கால் கடியுங்கோ.” என் கையில் ஒரு பச்சைக் கொச்சிக்காயை (மிளகாயைத்தான் சொல்கிறேன்) வைத்துவிட்டு ஓடிவிட்டாள். பொன் தந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது. அவளுக்கும் என்மேல் விருப்பம் என்று எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் அந்தக் கொச்சிக்காய்தான்.

கூத்துத் தொடங்கியது. நடுச்சாமத்தில் பாம்பு கடித்தது, நான் செத்தேன். நன்றாகவே செத்தேன், பெண்கள் பக்கத்தில் இரண்டுபேர் மூக்கைச் சிந்தினார்கள். வெள்ளைத் துணியால் கழுத்துவரை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் பெற்றோல்மாக்ஸ் விளக்கின் இரைச்சல் தாலாட்டுப்போலக் கேட்கத் தொடங்கியது. ஆபத்து! கொச்சிக்காயைக் கடித்தேன்.

அது பிலோமினா வீட்டுத் தோட்டத்துக் கொச்சிக்காய். சம்மாட்டியாரின் குணம் அதற்கும் இருந்தது. பிரேதத்துக்கு இருமல் வந்தது. ராசா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஐயோ மகனே, உன் ஆவி பிரிய மனமின்றித் தவிக்குதோ” என்று சொந்தமாக ஒரு வரி கட்டிப் பாடிச் சமாளித்தார். சனம் கைதட்டியது. அண்ணாவியார் என்னை முறைத்தது மத்தளத்தின் அடியிலேயே தெரிந்தது.

எரிவு அடங்க வெகுநேரம் எடுத்தது. அடங்கியபிறகு வாய்க்குள் ஒரு குளிர்மை வந்தது. அந்தக் குளிர்மை மெல்ல மெல்லக் கண்ணுக்கு ஏறியது. முதல்நாள் முழுக்க வலை இழுத்த உடம்பு. அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் எதுவும் எனக்குத் தெரியாது.

முழிப்பு வந்தது.

முதலில் கண்தான் திறந்தது. கொட்டகையின் கிடுகுக் கூரை இடைவெளியில் வானம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. விடிவெள்ளி மட்டும் மிச்சம் இருந்தது. என் தலைக்கு மேலே சணல் நாரில் செய்த வெள்ளைத் தாடியோடு சம்மாட்டியார் நின்று பாடிக்கொண்டிருந்தார்.

“கண்ணைத் திறந்து பாரும் மைந்தா – கிழக்கு வெளுக்குது
மண்ணில் கிடந்தது போதும் மைந்தா – எழுந்து வாருமே.”

அப்பாடா, நேரத்துக்கு முழித்துவிட்டேன், பிலோமினா எனக்குத்தான் என்று நினைத்தேன். எழும்ப வெளிக்கிட்டேன். நினைப்பு எழும்பியது, உடம்பு எழும்பவில்லை.

கையைத் தூக்கு என்று சொன்னேன். கை கேட்கவில்லை. சரி, விரலையாவது என்றேன். விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன், தைத்துவிட்டது போல இருந்தது. இதற்கிடையில் நெஞ்சின்மேல் என்னவோ வந்து குந்தியது. கறுப்பாக, ஈரமாக, நந்திக்கடல் சேற்று மணத்தோடு. முகம் இல்லை. பாரம் மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் இதை அமுக்குப் பேய் என்பார்கள். (பிற்காலத்தில் வவுனியாவில் ஒரு டொக்டர், மனம் முழித்தபிறகும் உடம்பு முழிக்காமல் கிடக்கிற நிலை இது, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று விளங்கப்படுத்தினார். அவருக்கென்ன, நெஞ்சில் குந்தியது அவருக்கில்லையே.)

பயந்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. பிரமிப்பு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பிறந்த நாள்முதல் நான் என்று நினைத்துக்கொண்டிருந்த இந்த உடம்பு பலகையில் ஒரு மரக்கட்டையாகக் கிடக்கிறது. நானோ உள்ளே முழுதாக, தெளிவாக இருக்கிறேன். அப்படித் தெளிவாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கடல் இரைவது கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது கேட்டது. யாரோ பாய் சுருட்டுவதுகூடக் கேட்டது. இவ்வளவையும் கேட்கிற இந்த ஆள் யார், இவன் இத்தனை காலமும் எங்கே இருந்தான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எஸ்.எஸ்.சி. சோதனை எழுத இவனை அனுப்பியிருந்தால் பாஸாகியிருப்பான்.

தவசியின் பாட்டு முடிந்தது. நான் எழும்பவில்லை. அண்ணாவியார் திரும்ப மத்தளத்தை அடித்து அதே பாட்டை எடுத்துக் கொடுத்தார். சம்மாட்டியார் இன்னும் உயர்த்திப் பாடினார். பாடி முடித்து, என்னை ஆசீர்வதிக்கிற பாவனையில் குனிந்தார்.

“எடேய் நாயே, எழும்படா. ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்காதை. எழும்பினியெண்டால் தோலை உரிச்சு உப்புப் போடுவன்” என்றார் காதுக்குள். எழும்பினாலும் தோல் போகும், எழும்பாவிட்டாலும் பிலோமினா போவாள். நான் என்ன செய்ய? எழும்பத்தான் உயிரைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது.

அதைச் சம்மாட்டியார் கண்டார். திறந்த கண், அசையாத உடம்பு, இரண்டு பக்கமும் கண்ணீர். என் கன்னத்தைத் தட்டினார். தோளைப் பிடித்து உலுக்கினார். என் தலை சும்மா இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உருண்டது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அவர் முகம் வெளிறிப்போவதைக் கண்டேன்.

“அண்ணாவியார், மத்தளத்தை நிப்பாட்டுங்கோ. பொடியனுக்கு என்னவோ நடந்துபோச்சு” என்றார்.

மத்தளம் நின்றது. அம்மா குழறிய சத்தம் கேட்டது. “ஐயோ என்ர சவிரி!” அதுதான் என் பெயர். ஐயோ அம்மா, நான் இருக்கிறேன், இஞ்சதான் இருக்கிறேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். ஒரு சொட்டுச் சத்தம் வெளியே போகவில்லை. பெற்ற தாய் எனக்காக ஒப்பாரி வைப்பதை நானே கேட்டேன். பூமியில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைக்கவே வேண்டாம் ஐயா.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். சனம் ஒருவர் பின் ஒருவராக மணலில் முழந்தாளிட்டது. ராசா கிரீடத்தைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டார். என் கால்மாட்டில் சதி செய்த மந்திரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டார். விடிகிற நேரம், கடற்காற்று, அத்தனை பேரும் சேர்ந்து செபம் சொல்கிற சத்தம். எல்லாம் எனக்காக. வலை இழுக்கும்போது நித்திரை கொள்கிற இந்தக் கழுதைக்காக. உள்ளே கிடந்த நான் வெட்கத்தில் சாகப் பார்த்தேன். அதற்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

சம்மாட்டியார் தாடியைப் பிடுங்கி எறிந்தார். என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கோயிலைப் பார்த்து, அந்தக் குரலில் கத்தினார்:

“மாதாவே! இந்தப் பொடியனை எழுப்பித் தா. என்ர பெட்டையை இவனுக்கே குடுக்கிறன். ஊர் சாட்சி!”

கேட்டேன். என் காதால் கேட்டேன். துள்ளிக் குதிக்கவேண்டிய செய்தி அல்லவா? சின்னவிரல்கூட அசையவில்லை.

பிறகு அவர் குனிந்தார். என் நெற்றியோடு நெற்றி படக் குனிந்தார். இந்தமுறை சொன்னது வேறு யாருக்கும் கேட்டிராது. “அவனும் இப்பிடித்தான் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தவன். எத்தினை தரம் கூப்பிட்டனான். திரும்பியும் பாக்கேல்லை. நீயெண்டாலும் எழும்பு ராசா. நீயெண்டாலும் எழும்பு” என்றார்.

அவருடைய மூத்த மகன் அதற்கு முந்தைய வருசம் வள்ளம் கவிழ்ந்து போனவன். கரையில் ஒதுங்கிய உடம்பை மடியில் வைத்துக்கொண்டு சம்மாட்டியார் ஒரு சொட்டும் அழவில்லை என்று ஊர் சொன்னது. கல் நெஞ்சன் என்றும் சொன்னது. அந்தக் கல்லில் இருந்து வந்த சூடான கண்ணீர் என் மூக்கின்மேல் விழுந்து வழிந்தது. எனக்கு என் பயம் மறந்துபோனது. இந்த மனிதனுக்காகவாவது எழும்பிவிடவேண்டும் என்று, எங்கோ தூரத்தில் கிடந்த என் கால் பெருவிரலைத் தேடிப்பிடித்து, இருந்த பலம் முழுவதையும் அதில் போட்டேன்.

பெருவிரல் ஆடியது. அடுத்த கணம் முழு உடம்பும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. அதுவரை உள்ளே அடைத்துக் கிடந்த கூச்சல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சலாக வெளியே வர, நான் எழும்பினேன். எழும்பிய வேகத்தில் என் நெற்றி சம்மாட்டியாரின் மூக்கை உடைத்தது.

எழும்பியதும் தவசியை வணங்கி, ‘இருளைக் கடந்தேன் ஐயா’ என்று ஒரு வரி பாடவேண்டும் என்பது அண்ணாவியாரின் ஏற்பாடு. நான் வணங்கவுமில்லை, பாடவுமில்லை. வெள்ளைத் துணியோடு மேடையில் இருந்து பாய்ந்து, முழந்தாளில் நின்ற சனத்துக்கு நடுவால் ஓடினேன். நெஞ்சில் குந்தியது பின்னால் வருகிறது என்று எனக்கு எண்ணம். செத்தவன் துரத்துகிறான் என்று சனத்துக்கு எண்ணம். பெருநாளுக்குக் கடை போட்டிருந்த காதர் நானாவின் தேத்தண்ணிப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, கழுத்தளவு கடலுக்குள் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் கொட்டகையில் ஒருவரும் இல்லை. அண்ணாவியார் மட்டும் தனியே நின்று கண்ணை மூடிக்கொண்டு மங்களம் பாடிக்கொண்டிருந்தார். எந்தக் கூத்தையும் மங்களம் பாடாமல் விட்டவர் இல்லை அவர்.

அன்று மத்தியானத்துக்கு முன்பே புதுமை (மாதாவின் அற்புதம்) நடந்துவிட்டது என்ற செய்தி பரவிவிட்டது. மனுவேல் சம்மாட்டி செத்தவனை எழுப்பிவிட்டாராம்! மறுநாள் அவர் வீட்டுப் படலை வாசலில் சனம். ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஒருவன் பழுதாகிப்போன வள்ளத்து மெசினைக் கொண்டுவந்தான். முள்ளியவளையில் இருந்து ஒரு கிழவர் வந்து, செத்துப் பத்து வருசமான தன் மனைவியை எழுப்பவேண்டாம், கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார். சம்மாட்டியார் உடைந்த மூக்கில் பஞ்சோடு அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தார். ஆனால் உள்ளூர அவரும் நம்பினார் என்று பிலோமினா பிறகு சொன்னாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பொறுக்க முடியாதவர் அண்ணாவியார்தான். மாதக்கணக்காகப் பழக்கிய கூத்தைப் பற்றி ஒரு சனமும் கதைக்கவில்லை. எல்லோர் வாயிலும் புதுமை. அவர் நேரே சம்மாட்டியாரிடம் போனார்.

“புதுமையும் மண்ணாங்கட்டியும்! அவன் பிரேதமாக் கிடந்து குறட்டை விட்டவன். அது கேக்கக் கூடாதெண்டு நான் மத்தளத்தை அடிச்ச அடியில என்ர கை வீங்கிப்போய்க் கிடக்கு, பாருங்கோ” என்று கையையும் நீட்டியிருக்கிறார்.

சம்மாட்டியாருக்கு வந்த கோபத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. “செத்தவனை எழுப்பினால்தான் பெட்டை எண்டு நேந்தனான். நித்திரை கொண்டவனை எழுப்புறதுக்கு மாதா எதுக்கு, நானே காணும். இந்த நேர்த்திக்கடன் செல்லாது!” என்று கத்திக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் புறப்பட்டார். அம்மா என்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

சுவாமியார் தம் வீட்டு விறாந்தையில் சாய்மானக் கதிரையில் இருந்தார். இரண்டு நாளாகப் புதுமை விசாரித்து வந்த சனத்தால் அவரும் களைத்துப்போய் இருந்தார்.

“தம்பி, நேராய்ச் சொல்லு. நீ செத்தனியோ?”

“இல்லை சுவாமி.”

அவர் பெருமூச்சு விட்டார். “மாதாவுக்குத் தோத்திரம். செத்தவன் எழும்பினானெண்டு மேற்றிராணியாருக்கு எழுதுறது ஆர், அதுக்கு அவர் கேக்கிற கேள்விக்கு மறுமொழி சொல்லுறது ஆர்? சரி, அப்ப நித்திரையோ?”

இங்கேதான் என் வாழ்க்கை தொங்கியது. ஓம் என்றால் நேர்த்தி செல்லாது, பிலோமினா இல்லை. இல்லை என்றால் பொய், அதுவும் சுவாமியாருக்கு முன்னால்.

“முதல் நித்திரைதான் சுவாமி. கொச்சிக்காயும் கடிச்சனான், ஏலாமப் போச்சு. ஆனால் சம்மாட்டியார் கூப்பிடேக்கை முழிப்பு. கண் தெரிஞ்சது, காது கேட்டது. கை கால்தான் வரேல்லை.”

“பொய்!” என்று சம்மாட்டியார் எழும்பினார். “முழிச்சவன் எழும்பாமல் கிடப்பானோ? ஆரடா கேள்விப்பட்டது? கேட்டதெண்டால் சொல்லு பாப்பம், நான் என்ன சொன்னனான்?”

“முதல் நாயே எண்டனீங்கள். பேந்து தோலை உரிச்சு உப்புப் போடுவன் எண்டனீங்கள்.”

சுவாமியார் சம்மாட்டியாரைப் பார்த்தார். “ஆசீர்வதிக்கிற இடத்திலயோ மனுவேல்?”

“அது... கூத்தில ஒரு வேகம் சுவாமி. பேந்து?”

“பேந்து மாதாட்டை நேந்தனீங்கள்.”

“அது ஊருக்கே கேட்டது. வேற? வேறென்ன சொன்னனான்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு. கண்ணில் கோபம். கோபத்துக்குப் பின்னால் ஒரு பயம். நான் சொல்லிவிடுவேனோ என்றா, சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்றா, எனக்கு விளங்கவில்லை. சொல்லியிருந்தால் வழக்கு அதோடு முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. இந்தமுறை பேய் ஒன்றும் பிடித்திருக்கவில்லை.

“மற்றதைச் சொல்லமாட்டன் சம்மாட்டியார். அது எனக்குச் சொன்னதில்லை” என்றேன்.

அவர் அப்படியே விறாந்தைப் படியில் இருந்துவிட்டார். பிறகு கேட்ட குரல் அவருடைய குரலாகவே இல்லை.

“கூப்பிட்டது முழுக்கக் கேட்டதோ?”

“ஓம். முழுக்கக் கேட்டது.”

“வர விருப்பமிருந்ததோ?”

“வாறதுக்குத்தான் பாடுபட்டனான். ஏலேல்லை.”

“அப்ப... அவனுக்கும் கேட்டிருக்குமோ?”

அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு வேதமும் தெரியாது, வைத்தியமும் தெரியாது. “ஓம், கேட்டிருக்கும்” என்றேன். அது உண்மையா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கு நொந்திருக்கவேண்டும், முகத்தைச் சுழித்தார். எழும்பினார்.

“சுவாமி, கலியாண அறிவித்தலைக் கோயிலில வாசியுங்கோ” என்றார். என் பக்கம் திரும்பி, “ஆனால் ஒண்டு. நீ கடலுக்கு வரப்படாது. கரையில ஏதும் பிழைப்பைப் பார்” என்றார். அப்படித்தான் நான் சைக்கிள் திருத்துகிற கடை போட்டதும், ஐம்பது வருசம் கரைமேல் இருந்து காற்றடித்ததும்.

கலியாணத்துக்குப் பிறகு மாமா ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகுமுன் எங்கள் வேலியடியில் நின்று அந்தத் தவசிப் பாட்டைப் பாடிக் கூப்பிடுவார். நான் “ஓம் மாமா” என்று குரல் கொடுக்கும்வரை நகரமாட்டார். மழை பெய்தாலும் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு அதைக் கேட்டே எழும்பிப் பழகிக்கொண்டார்கள்.

அவர் நல்ல வயதில், கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்கப் போய்ச்சேர்ந்தார். பெட்டியில் வைத்தபிறகு, எப்போதும் போல பிலோமினாவின் சகோதரங்களான என் இரண்டு மச்சான்மார் அவர் தலைமாட்டில் நின்று வள்ளம் யாருக்கு என்று தொடங்கினார்கள். அழுதுகொண்டிருந்த பிலோமினா எழும்பி வந்து, “மெல்லக் கதையுங்கோ, அப்பு கேட்டுக்கொண்டு கிடக்கிறார்” என்றாள். யாரோ ஒருவர் சிரிக்க, செத்தவீடு முழுவதும் கண்ணீரோடு சிரித்தது. நான் குனிந்து, என் கிணற்றுக்கப்பிக் குரலில், அவர் பாட்டை அவர் காதுக்குள் முழுவதும் பாடினேன்.

இப்போது அது எங்கள் குடும்பத்துப் பகிடி. எந்தச் செத்தவீட்டிலும் பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது குறை சொல்ல வாயெடுத்தால், “கவனம், கேட்டுக்கொண்டு கிடக்கினம்” என்று சின்னஞ்சிறிசுகளும் சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து, காதோடு எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.